ஹெண்டனா, டக்ஸ்ஃபோர்டா? ஒரு நாள்தான் இருக்கிறது

1. கொளப்பாக்கத்தான்

வணக்கம். ஆபீஸ் வேலையாக ஒன்றரை மாதம் லண்டனில் இருக்கிறேன். விடுமுறைக்கு மனைவியும் பையனும் வந்து சேர்கிறார்கள். பையனுக்கு வயது பதினொன்று, விமானப் பைத்தியம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானமெல்லாம் எங்கள் மொட்டை மாடியை உரசிக்கொண்டுதான் போகும். மாடியில் படுத்தபடியே, கண்ணைத் திறக்காமல், சத்தத்தை வைத்து "ஏ320", "ஏடிஆர்" என்று சொல்லுவான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

போர் விமான மியூசியம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். ஹெண்டனில் இருக்கிற ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியமா, கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபோர்டா? இரண்டுமே பழைய விமான தளங்கள் என்கிறார்கள். போனவர்கள் சொல்லுங்கள்.

2. வெம்ப்ளி அக்கா

ஹெண்டனுக்கே போங்கள் தம்பி. நுழைவு இலவசம். நார்தர்ன் லைனில் காலின்டேல் இறங்கினால் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை, நடக்க முடியாவிட்டால் 303 பஸ் வாசலிலேயே நிற்கும். காரில் போனால் பார்க்கிங்குக்குக் காசு. உள்ளே ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானத்தில் உட்கார்ந்து பார்க்கிறதுக்குத் தனிக் கட்டணம், அதைப் பையன் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த ஹேங்கருக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், வெளியே புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடலாம். நாங்கள் மூன்று தடவை போயிருக்கிறோம். சண்டர்லேண்ட் என்று ஒரு பெரிய பறக்கும் படகு, அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்துபோகலாம். உள்ளே மாடி எல்லாம் உண்டு. சின்னவள் அதை வீடு என்றே நினைத்துவிட்டாள்.

3. ஓட்டை ராடார்

அக்கா மன்னிக்கணும். இலவசம் என்பதற்காக ஹெண்டனைச் சொல்லாதீர்கள். நான் இரண்டுக்கும் பலமுறை போனவன். ஹெண்டன் பிணவறை. நல்ல பிணவறை, ஒத்துக்கொள்கிறேன். விளக்கு வெளிச்சம், எழுத்துப் பலகை எல்லாம் அருமை. ஆனால் ஒரு விமானமும் அங்கிருந்து எழும்பாது, ஏனென்றால் எழும்ப ஓடுபாதையே கிடையாது. பழைய ரன்வே இருந்த இடத்தில் கிரஹாம் பார்க் என்று அடுக்குமாடிக் குடியிருப்பு.

டக்ஸ்ஃபோர்ட் அப்படியில்லை. 1938 ஆகஸ்டில் முதல் ஸ்பிட்ஃபயர் வந்து சேர்ந்தது அங்கேதான், 19ஆம் ஸ்க்வாட்ரன் என்ற படைப்பிரிவுக்கு. இரண்டு காலும் இல்லாத டக்ளஸ் பேடர் 1940இல் பல ஸ்க்வாட்ரன்களை ஒன்றாகச் சேர்த்த தன் 'பிக் விங்'கைக் கிளப்பிப்போனது அங்கிருந்துதான். 1961இல் படைத்தளத்தை மூடினார்கள். ஆனால் அதே ஓடுபாதையில் இன்றைக்கும் ஸ்பிட்ஃபயர் எழும்புகிறது. அதன் மெர்லின் எஞ்சின் முதன்முதலாக உங்கள் தலைக்கு மேலே போகும்போது பையன் முகத்தைப் பாருங்கள். சத்தத்தை வைத்து விமானம் சொல்கிற பையனைச் சத்தமே இல்லாத மியூசியத்துக்கா கூட்டிப்போவீர்கள்?

இன்னொன்று. டக்ஸ்ஃபோர்டில் ஒலியை முந்திப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் ஒன்று நிற்கிறது. சோதனை ஓட்டத்தில் ஒலியைப்போல 2.23 மடங்கு வேகம் தொட்டது, வேறு எந்தக் கான்கார்டும் தொடாத வேகம். எம்11 நெடுஞ்சாலை போடுவதற்காக ஓடுபாதையின் ஒரு முனையை வெட்டப்போகிறார்கள் என்றதும், 1977 ஆகஸ்டில் அவசரமாகப் பறந்துவந்து இறங்கியது. அப்புறம் ஓடுபாதை குட்டையாகிவிட்டது. வந்த வழி அதோடு அடைபட்டது.

4. வெம்ப்ளி அக்கா

பிணவறையா! குழந்தையைக் கூட்டிப்போகிற இடத்தைப் பற்றி இப்படியா பேசுவது.

5. பழைய ஃபிட்டர்

நண்பர்களே, நான் இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பைச் செப்பனிடுகிறவனாக இருந்தவன். தாம்பரத்தில் படித்துவிட்டுப் பதினைந்து வருஷம் ரிவெட்டோடும் துருவோடும் வாழ்ந்தேன். இப்போது மகள் வீட்டில், ஸ்லௌவில், பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஓட்டை ராடார் தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதிக்கு என்னிடம் ஒரு விமானம் இருக்கிறது.

ஹெண்டனில் லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. வால் பக்கம் கேஎன்751 என்ற எண். பக்கத்தில் பேர்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் நிற்பதால் எல்லோரும் லிபரேட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது நம்ம ஊர் விமானம் ஐயா. இந்திய விமானப்படையில் அதன் எண் எச்இ807.

கதை இப்படி. போரின்போது அமெரிக்கா இந்த விமானங்களைப் பிரிட்டிஷாருக்கு லெண்ட்-லீஸ் கணக்கில் கொடுத்தது. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் உபயோகத்துக்கு ஆகாமல் செய்துவிட வேண்டும். கான்பூரில் கொண்டுவந்து நிறுத்திய லிபரேட்டர்களை இனி யாரும் ஓட்ட முடியாதபடி உடைத்துப்போட்டுவிட்டு ராயல் ஏர்ஃபோர்ஸ் கிளம்பியது. 1948இல் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கக் காசும் இல்லை. பெங்களூரு எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் போய் அந்தக் குப்பையைப் பார்த்தார்கள். ஒன்றில் இருந்து இறக்கை, இன்னொன்றில் இருந்து வால், மூன்றாவதில் இருந்து எஞ்சின் என்று கோத்து, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற எச்ஏஎல் சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுசாகப் பிரித்துச் செப்பனிட்டார்கள். ஏறத்தாழ நாற்பது விமானம்! பத்திரமாக வந்து சேருமா என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

1968 கடைசிவரை அவை நம்மிடம் பறந்தன, கடைசிக் காலத்தில் கடல் ரோந்துக்கு. உலகத்தில் வேறெங்கும் படையில் லிபரேட்டர் இல்லாத காலம் அது. அமெரிக்காவே போருக்குப் பிறகு தன்னுடையதில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டது. அதனால்தான் இன்றைக்கு அரிசோனாவில் ஒன்று, கனடாவில் ஒன்று, ஹெண்டனில் ஒன்று என்று மியூசியங்களில் பார்க்கிற லிபரேட்டர்களில் பல, பெங்களூர்க்காரர்கள் கைபட்டவை. ஹெண்டனுடையது 1974இல் இந்தியாவிலிருந்து தானே பறந்து இங்கிலாந்து வந்தது. லாரியில் வரவில்லை, கப்பலில் வரவில்லை. நான் படையில் சேர்ந்த வருஷம் அது. "கிழவி லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்" என்று சீனியர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஓட்டை ராடார் தம்பி, அந்த இயந்திரம் இனிப் பறக்க வேண்டாம் என்கிறேன் நான். பறக்கவேண்டிய அளவு பறந்துவிட்டது.

6. ஓட்டை ராடார்

ஃபிட்டர் சார், வணக்கம். இது தெரியாது எனக்கு. பத்துத் தடவை அதன் பக்கத்தில் நடந்திருப்பேன்.

ஆனாலும் ஒரு கேள்வி. இருபது வருஷம் நம் படையில் இருந்த விமானத்துக்கு ஏன் ராயல் ஏர்ஃபோர்ஸ் வண்ணம்? பிரிட்டிஷ் கணக்கில் அது ஓடியது சில மாதம்தானே?

7. பழைய ஃபிட்டர்

அதைத்தான் நானும் அங்கே நின்று யோசித்தேன். 99ஆம் ஸ்க்வாட்ரன், 1945, சில மாதம். அந்தச் சில மாதத்தின் சட்டையைத்தான் மாட்டி நிற்கவைத்திருக்கிறார்கள். அவர்கள் மியூசியம், அவர்கள் கதை, புரிகிறது. எங்கள் எண்ணை எங்காவது ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். டெம்பெஸ்ட் மார்க் 2 என்ற சண்டை விமானம் ஒன்றும் அங்கே உண்டு, அதற்கும் இதே கதை. நம்மிடம் எச்ஏ457 என்று இருந்து, பிறகு இங்கே வந்து பிறந்தவீட்டு எண்ணுக்குத் திரும்பிவிட்டது.

8. சுவடிப்பூச்சி

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன், ஆபீஸ் வேலை ஓடவில்லை. 'பிணவறை' என்ற வார்த்தைக்கு என் பங்கு.

ஹெண்டன் சாதாரண இடம் இல்லை. பாலான் என்ற பிரெஞ்சு விமானியும் கிரஹாம்-வைட் என்ற ஆங்கில விமானியும் 1910இல் லண்டன்-மான்செஸ்டர் போட்டிக்குப் போனபோது பாலான் கிளம்பியது அந்த வயலிலிருந்துதான். பரிசு பத்தாயிரம் பவுண்ட், வென்றவரும் அவரே. தோற்ற கிரஹாம்-வைட் பிறகு அந்த நிலத்தையே பிடித்து, 1911இல் 'லண்டன் ஏரோட்ரோம்' ஆக்கினார். அதே வருஷம் செப்டம்பரில் பிரிட்டனின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் அங்கிருந்து வின்ட்சருக்குப் போனது. (நம்ம ஊர் இதில் முந்திக்கொண்டது: 1911 பிப்ரவரி 18, அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு, சுமார் 6,500 கடிதங்கள். ஓட்டியவர் பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர்.) முதல் உலகப்போர்க் காலத்து மரச்சட்டக் கூரை ஹேங்கர்கள் இரண்டை இணைத்துத்தான் 1972 நவம்பரில் மியூசியத்தைத் திறந்தார்கள். உள்ளே போனால் விமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கூரையைப் பாருங்கள். நம்ம ஊர் ஓட்டு வீட்டுச் சாரம் மாதிரி, ஆனால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மரச்சட்டங்கள், தூணே இல்லாமல் அவ்வளவு அகலத்தைத் தாங்குகின்றன.

ஓட்டை ராடார் டக்ஸ்ஃபோர்ட் கான்கார்டைப் பெருமையாகச் சொன்னார். ஹெண்டனிலும் அப்படி ஒன்று நடந்தது. 1957இலேயே அங்கே பறப்பது நின்றுவிட்டது. 1968 ஜூனில் மியூசியத்துக்காக ஒரு பிளாக்பர்ன் பெவர்லி வந்து இறங்கியது. யானை மாதிரி சரக்கு விமானம், கொஞ்ச தூரத்தில் இறங்கக்கூடியது என்பதால் முடிந்தது. ஹெண்டன் மண்ணில் இறங்கிய கடைசி விமானம் அதுதான். அது வந்த பிறகு வீடு கட்டினார்கள். பெவர்லியை உள்ளே வைக்க எந்தக் கட்டடத்திலும் இடம் போதவில்லை. வெளியிலேயே இருபது வருஷம் மழையில் நின்றது. கடைசியில் துருவேறி, உடைத்து, பழைய இரும்பு விலைக்குப் போனது.

உலகத்தில் இப்போது முழுசாக இருக்கும் பெவர்லி ஒன்றே ஒன்று. மியூசியத்தைத் தேடி வந்த இது அது இல்லை.

9. ஓட்டை ராடார்

இதற்குப் பெயர்தான் பிணவறை என்கிறேன்.

10. பழைய ஃபிட்டர்

இல்லை தம்பி. வெளியே நிறுத்தினால் எந்த மியூசியமும் அப்படித்தான். அலுமினியம் துருப்பிடிக்காது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். ரிவெட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி கட்டும். தகடு உள்ளுக்குள்ளே ஏடு ஏடாகப் பிரிந்து வரும், புரோட்டா மாதிரி. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். மக்னீசிய வீல் இருந்தால் அது இன்னும் மோசம். மழைக்கும் குளிருக்கும் கூரை ஒன்றுதான் மருந்து.

பறக்கிற விமானத்தின் பிரச்சினை வேறு. பறக்கவேண்டுமானால் பாதுகாப்பு விதிப்படி சந்தேகத்துக்கு உரிய பாகத்தை எல்லாம் மாற்றியாக வேண்டும். இறக்கைத் தாங்கியை மாற்று, தகடு மாற்று, வயர் மாற்று. முப்பது வருஷம் பறந்த பிறகு 1940இல் தொட்ட கை எதில் இருக்கிறது? அடையாளத் தகட்டில் இருக்கும். டக்ஸ்ஃபோர்டில் பறப்பதில் பலதும் அப்படித்தான். தப்பென்று சொல்லவில்லை, நான் அந்த வேலையைத்தான் செய்தேன்.

என் கணக்கு இதுதான்: ஹெண்டனில் இருப்பது மூலவர். டக்ஸ்ஃபோர்டில் இருப்பது உற்சவர். உற்சவர் வீதி உலா வரவேண்டும், மேளம் முழங்கவேண்டும், ஜனங்கள் பார்க்கவேண்டும். அதற்காக மூலவரைப் பெயர்த்துத் தேரில் ஏற்றுவீர்களா?

11. வெம்ப்ளி அக்கா

சார், இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "அப்போ ஏர் ஷோ டிக்கெட் விலைக்குச் சிறப்பு தரிசனம்னு பெயர் வைக்கலாம்" என்கிறார்.

12. ஓட்டை ராடார்

மூலவர் உவமைக்கு நான் சரண். ஆனால் தேர் நிலைக்கு வந்துசேர வேண்டுமே என்ற கவலை எனக்கும் உண்டு, அதை ஒளிக்கவில்லை. 1996இல் பறந்துகொண்டிருந்த கடைசி மாஸ்கிட்டோ போர் விமானம் வடக்கே ஒரு ஏர் ஷோவில் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் டக்ஸ்ஃபோர்டிலேயே பி-38 போர் விமானம் ஒன்று விழுந்தது. 2003இல் அங்கேயே ஃபயர்ஃப்ளை என்ற இன்னொன்று. 2022இல் டல்லஸில் இரண்டு விமானங்கள் மோதியதை எல்லோரும் போனில் பார்த்தோம், ஆறு பேர். இதெல்லாம் தெரிந்தும் அடுத்த வருஷம் டிக்கெட் வாங்குகிறேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, மெர்லின் சத்தம்தான்.

13. சுவடிப்பூச்சி

கொளப்பாக்கத்தான் ஹெண்டன் போவதானால் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் டிஎச்9ஏ என்ற இரண்டு இறக்கைக் குண்டுவீச்சு விமானத்தைத் தேடிப் பிடியுங்கள். எண் எஃப்1010. அதன் உடம்பில் ஐதராபாத் நிஜாம் கொடுத்தது என்று எழுதியிருக்கும். 1918இல் 110ஆம் ஸ்க்வாட்ரனுக்கான விமானங்களுக்கு நிஜாம் பணம் கொடுத்தார், அதனால் அந்த ஸ்க்வாட்ரனுக்கே ஐதராபாத் என்று பெயர். இந்த எஃப்1010, 1918 அக்டோபர் 5 அன்று ஜெர்மனிக்கு மேலே போய்த் திரும்பவில்லை. ஜெர்மானியர் பிடித்துவைத்து, பெர்லின் மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இரண்டாம் போரில் பெர்லினில் குண்டு விழத் தொடங்கியதும் கிழக்கே அனுப்பினார்கள், அது போலந்தில் மாட்டிக்கொண்டது. கிராகோவ் மியூசியத்திடமிருந்து 1977இல் ஒரு ஸ்பிட்ஃபயரைக் கொடுத்து ஹெண்டன் இதை வாங்கியது. கிராகோவ் மியூசியமும் ஒரு பழைய விமான தளத்தில்தான் இருக்கிறது. ஆக நிஜாம் காசில் செய்த விமானம் ஒன்று, எதிரி காட்சிக்கூடத்தில் இருந்து, போலந்துக் கிடங்கில் இருந்து, பண்டமாற்றில் வீடு வந்தது.

இப்போது கசப்பான பகுதி. 1920 முதல் 1937 வரை ஹெண்டனில் வருஷா வருஷம் விமானப்படைக் காட்சி நடக்கும், லண்டனே திரளும். சில வருஷங்களில் கடைசி ஐட்டம், பாலைவனக் கோட்டை மாதிரி ஒன்றைக் கட்டி, குண்டு போட்டு எரிப்பது. ஜனங்கள் கைதட்டுவார்கள். அது விளையாட்டு இல்லை, ஒத்திகை. 1925 வசந்தத்தில் வஜீரிஸ்தான் மலைக் கிராமங்கள்மீது நிஜமாகவே போட்டார்கள். தரைப்படை இல்லாமல் விமானப்படை தனியாகவே நடத்திய முதல் போர் அது. 'பிங்கின் போர்' என்று பெயர், தளபதி பெயர் பிங்க். அதில் போன விமானங்களில் டிஎச்9ஏ உண்டு. இந்திய மன்னர் காசு கொடுத்த அதே ரகம், இந்திய எல்லையில் இருந்த மக்கள்மீது.

நம் மாகாணமும் சும்மா இல்லை. இரண்டாம் போரில் 234, 264 ஆகிய இரண்டு ஸ்க்வாட்ரன்களுக்கும் 'மெட்ராஸ் பிரெசிடென்ஸி' என்று பெயர். போர் நிதி கொடுத்த ஊர்களின் பெயரை ஸ்க்வாட்ரனுக்கு வைப்பது அப்போது வழக்கம். 264 ஓட்டியது டிஃபையன்ட் என்ற விமானம். விமானிக்கு முன்னால் துப்பாக்கியே கிடையாது. பின்னால் ஒரு கூண்டில் இன்னொருவர் உட்கார்ந்து சுடுவார். 1940இல் பிரான்ஸின் டன்கர்க்குக்கு மேலே முதலில் ஜெர்மானியர் ஏமாந்தார்கள், பின்னாலிருந்து வந்தவர்கள் எல்லாம் சிக்கினார்கள். ஆகஸ்டுக்குள் விஷயம் புரிந்துவிட்டது. நேர் எதிரேயும் அடியிலேயும் வந்து அடித்தார்கள். ஸ்க்வாட்ரன் சிதைந்து, இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள். மிஞ்சியிருக்கும் ஒரே முழு டிஃபையன்டும் இந்த மியூசியத்துடையதுதான், இப்போது காஸ்ஃபோர்ட் கிளையில்.

எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன மிராசு. போர் நிதிக்கு ஆள் வந்து நின்றால் 'இல்லை' என்று சொல்லுகிற தைரியம் யாருக்கும் இல்லை என்பார். அவர் கொடுத்த பத்து ரூபாய் எந்த விமானத்தின் எந்த ரிவெட்டுக்குப் போனதோ.

14. பழைய ஃபிட்டர்

டிஃபையன்டில் ரிவெட் நிறைய தம்பி. பத்து ரூபாய்க்கு ஒரு கைப்பிடி வந்திருக்கும்.

15. கடைசிப்பெட்டி

வணக்கம் அண்ணைமார், அக்கா. நான் ஹாரோவில் இருக்கிறன், ஹெண்டன் எனக்கு இருபது நிமிசம். எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொளப்பாக்கத்து அண்ணையின் மகன் சத்தத்தை வைத்து விமானம் சொல்லுவான் என்று வாசித்ததால் எழுதுகிறேன்.

நானும் அந்த வயதில் சொல்லுவேன். யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தது. 'பொம்மர்' என்றால் ஒரு சத்தம், கீச்சென்று குத்தி எழும்பும். 'சகடை' என்றால் வேறு, அது மெதுவாக, வண்டி உருளுவதுபோல, மேலே நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். பொம்மர் என்றால் உடனே பாய வேண்டும். சகடை என்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வர நேரம் இருக்கும், ஆனால் அது எங்கே போடும் என்று அதற்கே தெரியாது. எங்கள் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள், "எது, எது" என்று. எனக்குப் பிழைத்ததில்லை. அதில் ஒரு பெருமையும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இங்கே வந்து பல வருசம் ஹெண்டன் பக்கம் போகவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், பெற்றோர் துணைக்கு வேண்டும் என்று என்னையும் இழுத்தார்கள். எல்லாம் நல்லாகத்தான் இருந்தது. குண்டுவீச்சு விமானங்கள் நிற்கிற மண்டபத்தில் லங்காஸ்டர் ஒன்று, 'எஸ் ஃபார் சுகர்'. மூக்கில் சின்னச் சின்னக் குண்டுப் படங்கள் வரிசையாக வரைந்திருக்கிறது, ஒரு பயணத்துக்கு ஒரு படம். 137 பயணம். அதற்குக் கீழே ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் சொன்னது என்று, "எந்த எதிரி விமானமும் ஜெர்மனிக்கு மேலே பறக்காது" என்று நக்கலுக்கு எழுதியிருக்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நான் அந்தப் படங்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒரு படம் என்றால் ஒரு இரவு. அந்த இரவில் கீழே ஒரு பெடியன் "எது, எது" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருப்பான்.

நாற்பது வரை எண்ணினேன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மியூசியத்தைக் குறை சொல்லவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் செத்தார்கள் என்பதும் உண்மை, ஹம்பர்க்கில் ஒரு கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் அளவில் செத்ததும் உண்மை. ஆனால் ஓட்டை ராடார் அண்ணை, சத்தம் இல்லாத மியூசியம் என்று நீங்கள் குறையாகச் சொன்னீர்கள். எனக்கு அது சத்தம் இல்லாததால்தான் உள்ளே நிற்க முடிந்தது.

16. ஓட்டை ராடார்

தம்பி, நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

17. வெம்ப்ளி அக்கா

ஹாரோ தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

18. பழைய ஃபிட்டர்

கடைசிப்பெட்டி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மீண்டும் ஹெண்டன் போனேன். லங்காஸ்டருக்குப் போகவில்லை. அதே மண்டபத்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று கிடக்கிறது. கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், நிற்கவில்லை. 1942 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய் அடிபட்டு, உறைந்த ஏரிமேல் வயிற்றால் இறங்கியது. ஆட்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். பிறகு பனி உருகி விமானம் ஏரிக்குள் போய்விட்டது. 1973இல் முக்குளித்து எடுத்தார்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் சரிசெய்ததோடு விட்டுவிட்டார்கள். மீதி எல்லாம் ஏரி விட்டுவைத்தபடியே, கிழிந்த தகடு, வெளியே தெரிகிற விலா எலும்பு.

ஃபிட்டர் கண்ணுக்கு முதலில் கை துறுதுறுத்தது. இதை ஆறு மாசத்தில் நிறுத்திக் காட்டுவேன் என்று தோன்றியது. அப்புறம் நம் ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது. திருப்பணி என்று சொல்லி மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்து, ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டை வழுவழுவென்று ஆக்கிய கதையை நாம் பார்த்திருக்கிறோமே. நல்லவேளை, என்னை மாதிரி ஆள் கையில் இந்த ஹாலிஃபாக்ஸ் மாட்டவில்லை.

காஸ்ஃபோர்ட் கிளையில் இதைவிடப் பொறுமையான வேலை ஒன்று. 2013இல் இங்கிலீஷ் கால்வாயிலிருந்து டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தூக்கினார்கள். அந்த ரகத்தில் இப்படிப் பெரிய அளவில் வேறெதுவும் மிஞ்சவில்லை. உப்பு ஊறிய அலுமினியம் காற்றுப் பட்டால் பொடியாகிவிடும் என்று, கூடாரத்துக்குள் வைத்து மாதக்கணக்கில் சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். என் மகளிடம் சொன்னேன், பாட்டி பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பாளே, அதே வைத்தியம் என்று.

19. சுவடிப்பூச்சி

டக்ஸ்ஃபோர்டில் இதற்கு நேர் எதிரான கதை உண்டு. முதல் உலகப்போர்க் காலத்து ஹேங்கர்கள் வரிசையில் ஒன்று குறையும், ஒரு வெற்றிடம் தெரியும். ஜெர்மன் குண்டு இல்லை. 1968இல் பிரிட்டன் வான்போரைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள், அதற்காக நிஜ ஹேங்கரை நிஜமாகவே வெடித்துவிட்டார்கள். போரில் தப்பியது ஷூட்டிங்கில் போனது.

20. ஓட்டை ராடார்

அதை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

21. கொளப்பாக்கத்தான்

ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டு ஊருக்குப் போன் பேசப் போனேன், வந்து பார்த்தால் இருபது பதிவு! எல்லோருக்கும் நன்றி. நேற்று ஹெண்டன் போய்வந்தோம்.

பையனுக்கு முதல் அரைமணி ஏமாற்றம். "எல்லாம் அப்படியே நிக்குது" என்றான். சண்டர்லேண்டுக்குள் போனதும் சரியாகிவிட்டான். நான் கூரையைப் பார்த்தேன், சுவடிப்பூச்சி. மனைவிதான் முதலில் சொன்னாள், சித்தி வீட்டு நெல் குதிர் வைத்திருந்த கூடம் மாதிரி என்று.

லிபரேட்டர் முன்னால் ஃபிட்டர் சார் எழுதியதைப் போனில் எடுத்துச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வட இந்தியக் குடும்பம் என்ன மொழி, என்ன விஷயம் என்று கேட்டது. ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெரியவர் கான்பூர்க்காரராம். ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டார்.

லங்காஸ்டரிடம் பையனை எண்ணச் சொல்லவில்லை. கடைசிப்பெட்டி தம்பி எழுதியதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், சகடை என்றால் என்ன என்று மட்டும் சொன்னேன். ராத்திரி ஓட்டல் அறையில் படுத்திருக்கும்போது ஹீத்ரோ பக்கம் ஏதோ ஒன்று போனது. வழக்கமாகக் கேட்காமலே சொல்லுகிறவன், சொல்லவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அங்கிளுக்கு இப்பவும் சத்தம் வச்சுத் தெரியுமாப்பா?" என்றான்.

22. கடைசிப்பெட்டி

தெரியும் என்று சொல்லுங்கோ அண்ணை. எங்கட வீட்டுக்கு மேலே காலையில் ஆறு மணிக்கு ஒன்று போகும். எழும்பாமலே எது என்று சொல்லுவேன். பிறகு திரும்பிப் படுத்துவிடுவேன்.

23. ஓட்டை ராடார்

கொளப்பாக்கத்தாரே, ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு சனிக்கிழமை கிடைக்குமா? என் கார் டக்ஸ்ஃபோர்ட் போகிறது. ஏர் ஷோ நாள் இல்லை, சாதாரண நாள்தான், ஒன்றிரண்டு விமானம் எழும்பினால் எழும்பும். ஃபிட்டர் சாரை ஸ்லௌவில் ஏற்றிக்கொள்கிறேன், கான்கார்டின் அடிவயிற்றைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லட்டும். பின்சீட்டில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

24. பழைய ஃபிட்டர்

முன்சீட் எனக்கு. முழங்கால் மடங்காது.

25. வெம்ப்ளி அக்கா

எத்தனை பேர் என்று சொல்லுங்கள், புளிசாதம் கட்ட வேண்டும்.